உன் மகன் காலில் விழுந்த பள்ளம்

மகனே,

உன் கடிதம் வந்தது. "ஆத்தா வந்த வீட்டுல கவிச்சியக் கொண்டாந்து விளையாடாதீங்கப்பா. நான் நேந்துக்கிட்டது நேந்துக்கிட்டதுதான்" என்று எழுதியிருக்கிறாய். பேனா அழுந்திய தடம் தாளின் மறுபக்கம் வரை தெரிகிறது. நானும் கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக இன்னொன்று என்னைப் பிடித்திருக்கிறது. பாரம் ஏற்றிய லோரியில் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கிறாய், கால் வெறுமனே உள்ளே போகிறது என்று வைத்துக்கொள். ஆஸ்பத்திரியில் அந்தக் காலை நேரத்திலிருந்து எனக்கு அப்படித்தான் இருக்கிறது. உன் மகன் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சரவணனை அம்மைக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அம்மை அதற்கு முன்பே இறங்கிவிட்டது. அவனைப் படுக்க வைத்தது பட்டினி. நம் வீட்டில், நம் கண் முன்னால், அன்போடு நாம் போட்ட பட்டினி.

நீ சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனபின் மருமகள் செல்வி மறுபடி வேலைக்கு இறங்கினாள். செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை. விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். பிள்ளையை ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டுப் போவாள். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அந்தத் தகரக் கொட்டகையில் நீயும் வளர்ந்தவன்தான். தாய்ப்பால் நின்றது. நீ அனுப்பிய பணத்தில் டின் பால் வாங்கினோம், காப்பிக் கடையில் தேத்தண்ணியில் ஊற்றுகிறார்களே, அந்தக் கெட்டியான இனிப்புப் பால். வெந்நீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார்கள். பசித்தால் கஞ்சி, அதிலும் சீனி. அவன் சப்புக்கொட்டிக் குடித்தான். அப்பன் சிங்கப்பூரில் இருப்பதால் பேரன் பால் குடிக்கிறான் என்று உன் அம்மா லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் பெருமைப்பட்டேன். அது பாலே இல்லை, பால் வாசனை அடிக்கும் சீனித் தண்ணீர் என்று எங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. தோட்டத்து மருந்தகத்தில் இருப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்புத் தண்ணீர் மருந்து ஒன்றுதான்.

தை முடிந்து கொஞ்ச நாளில் லயத்தில் மணல்வாரி அம்மை வந்தது. முதலில் இரண்டு வீடு தள்ளி அஞ்சலையின் மகள் கவிதாவுக்கு, பிறகு வரிசையாக, கடைசியில் நம் வீட்டில். வாசலில் வேப்பிலை கட்டினோம். தாளிப்பு நின்றது, தாளிப்பு இல்லாததால் பருப்பும் நின்றது. மீன், முட்டை, கருவாடு எல்லாம் வெளியே போயின. நீ தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டாய். அங்கே கணக்கு எழுதுகிற கிராணி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "புள்ள தேறிட்டா ஆடித் திருவிழாவுல தீச்சட்டி எடுக்கறேம்ப்பா. அதுவரைக்கும் நம்ம வீட்டுக்குள்ள கவிச்சி நொழையக் கூடாது" என்றாய். உன் குரல் நடுங்கியது. சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கிராணி சிரித்தார். "மவன் சிங்கப்பூர்ல கோழிச் சோறு சாப்புடுவான், நீங்கல்லாம் இங்க கஞ்சி குடிக்கணுமாலா?" என்றார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. இப்போது நினைத்தால், எங்கள் எல்லோரிலும் அந்த மனிதன்தான் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டிருக்கிறான்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மீனவர் ஊரான பாசிர் பெனம்பாங்குக்கு லோரியில் போவது உனக்குத் தெரியும். மானேஜர் பங்களாவுக்கு மீன், பங்களா நாய்களுக்கு மீன் தலை. அம்மை வந்தபின் உன் அம்மா சொன்னாள், மீன் வாடை லயத்துப் பக்கம் வரக்கூடாது என்று. லயத்துப் பெண்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் பெரிய கால்வாயைச் சுற்றிக்கொண்டு, சேறும் பள்ளமுமான பாதையில் லோரியை உருட்டிக்கொண்டு போனேன். அந்த மீனில் ஒரு துண்டு நாக்கில் பட்டிருந்தால் தேறியிருக்கக்கூடிய பிள்ளைகளைச் சுற்றிக்கொண்டு, நாய்களுக்கு மீன் தலை ஓட்டிப் போனேன். மரியாதையோடு, வேகத்தைக் குறைத்து ஓட்டினேன்.

தடிப்பு இறங்கியது. காய்ச்சல் விட்டது. மெலிந்திருந்த பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாளில் கன்னம் உப்ப ஆரம்பித்தது. அதைப் பார்த்து லயமே மகிழ்ந்தது. "ஆத்தா குளுந்துட்டா. பாரு, கன்னம் பன்னு மாரி ஆயிருச்சு" என்று உன் அம்மா சரவணனின் முகத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். கால் கைகளும் கொழுகொழுவென்று ஆயின. தலைமுடி செம்பட்டை ஆகியிருந்தது. வெயிலில் விளையாடினால் அப்படித்தான் ஆகும் என்றாள் ஒருத்தி. அவன் விளையாடவே இல்லை, மகனே. உட்கார வைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். அழுவதுகூட இல்லை. "என்னா தங்கமான புள்ள, அழ மாட்டேங்குது" என்று அதற்கும் ஒரு பாராட்டு.

பிறகு ஒரு காலையில் கவிதா எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை. கொஞ்சம் மூச்சு வாங்கியது என்று மட்டும் அஞ்சலை சொன்னாள். சின்னப் பெட்டி ஒன்றை நான்தான் வாங்கி வந்தேன். குழந்தையை அதில் படுக்க வைத்தபோது நின்றிருந்த பெண்கள், "பொம்ம மாரி எப்புடி உப்பி இருந்துச்சு. கண்ணு பட்டுருச்சுலா" என்று பேசிக்கொண்டார்கள். நான் பெட்டியைப் பார்த்தேன், பிறகு செல்வியின் இடுப்பில் இருந்த சரவணனைப் பார்த்தேன். அதே முகம். அதே பளபளப்பு, அதே செம்பட்டை முடி, எங்கேயும் பார்க்காத அதே கண். அந்த இரண்டு பிள்ளைகளையும் மாற்றி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் பழம் ஏற்றப் போகாமல் லோரியை வீட்டு வாசலில் நிறுத்தினேன். உன் அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "அம்மைக்குக் கடைசித் தண்ணி ஊத்தி முடிக்காம புள்ளய வாசப்படி தாண்ட விட மாட்டேன். இவருக்குப் புத்தி கெட்டுப் போச்சு." செல்வி பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வழியில் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கை காட்டி நிறுத்தினார். "என்னா டிரைவரே, பழத்துக்குப் பதிலாப் பேரனையா ஏத்திக்கிட்டுப் போறீங்க? ஒரு நாள் சம்பளம் போயிரும்" என்றார். போகட்டும் என்றேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்ப் பெண் டாக்டர் இருந்தார். வயது உன்னளவுதான் இருக்கும். நான், "அம்மை போட்டுத் தேறிட்டான், நல்லா குண்டாயிட்டான், ஆனா சொணக்கமா இருக்கான்" என்று மலாயில் சொன்னேன். அவர் சரவணனின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், தன் பெருவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஈரக் களிமண்ணில் விழுவது போல. நான் அது எழும்பும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எழும்பவில்லை. "புக்கான் கெமோக். பெங்காக்," என்றார். கொழுப்பு இல்லையாம், வீக்கமாம். பக்கத்தில் இருந்த தமிழ் நர்சு செல்வியைக் கேட்டாள்.

"என்னா குடுக்குறீங்க புள்ளைக்கு?"

"கஞ்சி."

"கஞ்சியோட?"

"சீனி."

"முட்டை? மீனு? பருப்பாச்சும்?"

"அம்மை போட்டிருந்துச்சுங்க."

நர்சு டாக்டரைப் பார்த்தாள். அவள் முகத்தில் வியப்பு இல்லை. தினமும் கேட்கிற பதில் போலிருக்கிறது. அதுதான் என்னை இன்னும் கலங்க வைத்தது.

டாக்டர் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் உனக்குச் சொல்கிறேன். மீன், முட்டை, பருப்பு, நல்ல பால் இவற்றில் புரதம் இருக்கிறது. அது வயிற்றுக்குள் போய்ச் சின்னச் சின்ன உருப்படிகளாகக் கழன்றுவிடும். அவற்றுக்கு அமினோ அமிலம் என்று பெயர். லோரி இஞ்சினைப் பிரித்துப் போட்டால் நட்டும் போல்ட்டுமாகக் கிடக்கும் அல்லவா, அப்படி. உடம்பு அந்த உருப்படிகளை எடுத்துத் தனக்கு வேண்டியதை மாட்டிக்கொள்ளும். சதையும் அதில்தான், இரத்தமும் அதில்தான். நோய்க் கிருமி வந்தால் எதிர்த்து நிற்கிற வெள்ளை அணுக்கள் பெருகுவதும், கிருமியைப் பிடித்துக்கொள்கிற எதிர்ப்புப் பொருள் உண்டாவதும் அதே உருப்படிகளில்தான். சிலவற்றை உடம்பு தானே செய்துகொள்ளும். சிலவற்றைச் செய்ய முடியாது, வாய் வழியாகத்தான் வர வேண்டும். அரிசியில் ஒரு வகை குறைவு. பருப்பு சேர்ந்தால் அது சரியாகும். ஒரே ஒரு அளவு நட்டு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் குவியலாகக் கிடந்தும் இஞ்சினைப் பூட்ட முடியாது என்று எனக்கா தெரியாது?

அம்மை வந்தால் உடம்புக்கு இந்தச் சரக்கு வழக்கத்தைவிட அதிகம் வேண்டும். நாம் சரியாக அந்த நேரம் பார்த்து வாயை அடைத்தோம். உடம்பு சும்மா இருக்காது. தன் கை கால் சதையையே பிரித்து, கழற்றி, சண்டைக்கு அனுப்பும். அதுவும் தீர்ந்தால் இரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற புரதத்தைக்கூட உண்டாக்க முடியாது. தண்ணீர் கசிந்து தோலுக்கடியில் தேங்கும். உன் அம்மா திருஷ்டி கழித்த கன்னம் அந்தத் தண்ணீர்தான். அவன் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தான். நாங்கள் சுற்றி உட்கார்ந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காய்ச்சல் இல்லையே, டாக்டர்," என்றேன் கடைசியாக ஒரு கிளையைப் பிடிக்கிற மாதிரி. அவர் பிள்ளையின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்திருந்தார். நுரையீரலில் சளி கட்டிக் கிருமி ஏறியிருக்கிறது என்றார். காய்ச்சல் வருவதே உடம்பு சண்டை போடுவதற்கு அடையாளமாம். இவ்வளவு வற்றிய பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடத் தெம்பு இருக்காதாம். மகனே, கவிதாவுக்கும் காய்ச்சல் இல்லை என்று அஞ்சலை சொன்னாளே, அது அப்போது ஞாபகம் வந்தது. நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நர்சு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், எனக்குத்தான் நோய் என்று நினைத்து.

அவனைப் படுக்க வைத்தார்கள். ஊசி போட்டார்கள். நான் அன்றைக்கே ஓடிப்போய் ஒரு பெரிய மீனை வறுத்து வாங்கி வந்தேன். டாக்டர் என்னைத் திட்டி வெளியே அனுப்பினார். காய்ந்த வயிற்றுக்கு ஒரே நேரத்தில் திணித்தால் அதுவே கொல்லும் என்றார். முதலில் நல்ல பால், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. அது ஒத்துக்கொண்டபின் முட்டை, பிறகு மீன் போட்ட கஞ்சி, பருப்பு. அப்போதுதான் உன் அம்மா பார்க்க வந்தாள். அவள் வந்த நேரம் வீக்கம் வடிந்திருந்தது. தண்ணீர் போனபின் உள்ளே இருந்த உண்மையான சரவணன் தெரிந்தான். விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது, தொடைத் தோல் தொங்கியது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "குண்டாக் கொண்டாந்த புள்ளைய உருக்கிட்டீங்களே. கவிச்சி குடுத்தீங்க, ஆத்தா பார்த்துட்டா." உனக்கு வந்த செய்தி இதுதான். உன் கோபமும் இதிலிருந்து வந்ததுதான். அவள் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். செத்துக்கொண்டிருந்தபோது பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான், பிழைக்கத் தொடங்கியதும் எலும்பும் தோலுமானான். கண்ணை நம்புகிற எவரும் அவள் நினைத்ததைத்தான் நினைப்பார்கள்.

ஆத்தாவோடு எனக்குச் சண்டை இல்லை. வேப்பிலை கட்டு, தீச்சட்டி எடு, நானும் கூட வந்து நிற்கிறேன். என் சண்டை வேறு. எண்பத்தாறாம் வருஷத்தில், மீன் ஏற்றிய லோரிகள் வரிசையாகக் கோலாலம்பூருக்கு ஓடுகிற ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பிள்ளை மீன் இல்லாமல் வீங்கிச் சாகிறது. மணல்வாரி அம்மைக்கு இப்போது ஊசி வந்திருக்கிறதாம். உங்கள் லயத்தில் போட்டார்களா என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மருந்தகத்துக்காரரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஆயாக்கொட்டாயில் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று மானேஜரிடம் கேட்டேன். "உங்க ஆளுங்க வழக்கத்துல நாங்க தலையிடறதில்ல" என்றார். எங்கள் வழக்கம் அவருக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது பார். நாங்களே எங்கள் பிள்ளைகளைப் பட்டினி போட்டால் ஒரு டம்ளர் பால்கூட யாரும் தர வேண்டியதில்லை. இதை யூனியன் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கைதட்டினார்கள். அதோடு எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சரவணனை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், இன்னும் சில மாதம் தினமும் முட்டையோ மீனோ பருப்போ வயிற்றுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் அடுத்த சளியில் போய்விடுவான் என்று. வீட்டில் உன் நேர்த்தி உட்கார்ந்திருக்கிறது. ஆடி வரை கவிச்சி இல்லை. உன் அம்மா அதைக் காவல் காக்கிறாள். பருப்புக்கு மட்டும் இறங்கி வந்திருக்கிறாள், தாளிக்காமல். நான் சொன்னால் கேட்பதாக இல்லை. "நேந்தவன் சொல்லட்டும்" என்கிறாள். செல்வியிடம் கேட்டேன், நீ என்னம்மா நினைக்கிறாய் என்று. தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "வீட்டுக்குள்ள கவிச்சி நொழையக் கூடாதுன்னுதான் அவரு சொன்னாரு மாமா. லோரியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

ஆகவே உன் மகன் இப்போது லோரியில் சாப்பிடுகிறான். பாசிர் பெனம்பாங்கில் ஒரு சீனத்தி மீன் கஞ்சி விற்கிறாள். முள்ளை எடுத்துவிட்டு மசித்துக் கொடுக்கிறாள். செல்வி முன் சீட்டில் உட்கார்ந்து தன் கையாலேயே ஊட்டுகிறாள், வாய் கழுவித் துடைத்து, சட்டை மாற்றி வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள், திருட்டுப் பொருளைக் கடத்துகிறவள் போல. அஞ்சலையிடம் இருக்கும் இன்னொரு பிள்ளையையும் ஒரு நாள் கூட ஏற்றிக்கொண்டாள். அஞ்சலை அதைத் தடுக்கவில்லை. வாசலில் நின்று லோரி திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சிக் கேட்டு இப்போது வாரத்தில் இரண்டு மூன்று முறை அந்தப் பக்கம் போகிறேன், ஆனால் தினமும் வண்டி கிடைப்பதில்லை. கிடைக்காத நாளில் பிள்ளைக்குக் கஞ்சியும் பருப்பும்தான். ஒரு பிள்ளையின் உயிர் என் லோரி போகிற பாதையைப் பொறுத்து இருக்கக் கூடாது.

நீ பிள்ளை மேல் இருக்கிற பாசத்தில்தான் நேர்ந்தாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உன் போன் குரலை நான் கேட்டவன். ஆனால் நேர்ந்தவன் நீ. பட்டினி கிடப்பவன் அவன். விரதம் வேண்டுமென்றால் நீ இரு. அங்கே உன் தட்டில் இருக்கும் மீனையும் கோழியையும் ஆடி வரை தொடாதே. அவன் பங்கையும் சேர்த்து நீயே கழித்துவிடு. அதற்கு உன் அம்மாவும் ஒத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன். அதை நீதான் எழுத வேண்டும். என் பெயருக்கு வேண்டாம். உன் அம்மாவுக்கும் செல்விக்கும் எழுது.

டாக்டர் செய்து காட்டியதைச் செல்வி தினமும் செய்து பார்க்கிறாள். காலையில் பிள்ளை எழுந்ததும் அவன் முழங்காலுக்குக் கீழே பெருவிரலை வைத்து அழுத்துவாள். இன்று காலையும் அழுத்தினாள். விரலை எடுத்தபோது பள்ளம் விழவில்லை. அவனுக்கு வலித்திருக்கிறது. காலை உதறிக்கொண்டு அவள் கையில் அடித்தான், பிறகு வாயைத் திறந்து அழுதான். எவ்வளவு காலமாயிற்று அவன் அழுது. லயத்தின் அந்தக் கடைசி வரை கேட்டிருக்கும். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "பசிக்குது போல, ஏதாச்சும் குடு புள்ளைக்கு" என்று குரல் கொடுத்தாள்.

"என்னா குடுக்கட்டும் அத்தை?" என்று செல்வி கேட்டாள்.

உன் அம்மா கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்று, அழுகிற பிள்ளையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். செல்வி கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. பதிலை நீ எழுது.

அப்பா